பிடியரிசியும் உபகாரச் சம்பளமும்

புங்குடுதீவின் மேற்றிசைக் கரையில் அமைந்துள்ள குறிகட்டுவான் இறங்குதுறை, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர்க்கு வாயிலாக விளங்குவது. அத்துறையில் நின்று நோக்குவார்க்குக் கடல் நடுவே தோன்றும் நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற இடம் அதுவே. அப்பாத்திரத்தை ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்த அவள், அவ்வளவில் அமைந்தாளல்லள். பல சமயத்தார் கூற்றையும் கேட்டாராய்ந்து, அறவண அடிகளிடம் அறமும் கற்றாள். தொண்டும் கல்வியும் ஒன்றையொன்று விட்டு நீங்கா என்பதை அவள் வரலாறு நன்கு புலப்படுத்தும். ஆயின் மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்தது. தொண்டு பயில வந்த ஏனையோர்க்கு அஃது இல்லை. அவர்கள் பயிலுங்காலத்து அவர்களுக்குச் சோறிட்டவர் யாவர்?

இவ்வினா சிறிதெனத் தோன்றலாம். அன்புள்ளம் ஒன்றே தொண்டுக்குப் போதும் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலம் நிலவியமையால், தொண்டும் பயின்று பெறவேண்டிய ஒரு துறை என்பதே பிற்காலத்தில்தான் உணரப்பட்டது. பயில்வதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தில் உண்ணவும் உறையவும் பொருள் வேண்டும். ஆதலின், பொருள் தந்தவர் யார், தந்ததற்கு ஈடாக அவர் வேண்டியது யாது, பொருள் பெற்றுக் கற்றவர் பின்னர் எங்கே சென்று பணியாற்றினர் என்னும் மூன்றையும் வரலாற்றின் வழிநின்று ஆராய்தல் பயனுடைத்து.

யாழ்ப்பாணத்தில் இவ்வாராய்ச்சிக்குரிய முதற் சான்று அமெரிக்க மிசனாரிமாரின் விடுதிப் பாடசாலைகளிற் கிடைக்கின்றது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அவர்கள், தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களிற் பிள்ளைகளை விடுதியில் வைத்து உணவும் உடையும் கொடுத்துக் கற்பித்தனர். அமெரிக்காவிலுள்ள அன்பர் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு தொகையை அனுப்பி ஒரு பிள்ளையின் செலவை ஏற்பார். அவர் விரும்பிய பெயரை அப்பிள்ளை தாங்கும். இம்முறையாற் பயன்பெற்று உயர்ந்தோர் பலர். 1823ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி, கணிதம், வானநூல், தமிழ், ஆங்கிலம் ஆகிய துறைகளில் வல்லாரைத் தோற்றுவித்தது. ஆயினும் பொருளுதவிக்கு ஈடாக மாணவன் தன் பெயரையும், பெரும்பாலும் தன் சமயத்தையும் மாற்ற நேர்ந்தது. மேலும், சமயப் பணிக்கென்று பயிற்றப்பெற்றோருட் பலர் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். 1855ஆம் ஆண்டிற் செமினரி மூடப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. கொடுத்தவர் தொலைவில் இருந்தார்; பெற்றவர் ஊரை விட்டு அகன்றார்; இடையில் ஊர் நின்றவாறே நின்றது.

இதற்கு எதிரான வழியை வகுத்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822-1879). அவர் மெதடிஸ்த மிசன் பாடசாலையில் ஆசிரியராய் இருந்த காலத்திலேயே, காலையும் மாலையும் தம் இல்லத்தில் மாணவர் சிலர்க்கு ஊதியம் பெறாது கற்பித்துவந்தார். 1848ஆம் ஆண்டில் அவர் உத்தியோகத்தைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, அம்மாணவரே அங்கு ஆசிரியராயினர். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கப் பொருள் இருக்கவில்லை. ஆகவே, சைவ இல்லங்களில் நாடோறும் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும்படி வேண்டப்பட்டது. அவ்வாறு திரண்ட பிடியரிசி வித்தியாசாலைக்கு உதவியாயிற்று.

பிடியரிசியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. ஒரு பிடியைக் கொடுப்பதால் எவ்வீடும் வறுமையுறாது. ஆயின் கொடுத்த வீடு ஒவ்வொன்றும் வித்தியாசாலையைத் தன்னுடையது என்று எண்ணத் தொடங்கும். அதனால் வளர்ந்த ஆசிரியனும் தன்னை ஊட்டியது இன்னவூர் என்பதை மறவான். அங்கே பெயர் மாற்றம் வேண்டப்படவில்லை; உறுதிப் பத்திரம் எழுதப்படவும் இல்லை. எனினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 1872ஆம் ஆண்டில் நாவலர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை, பொருள் முட்டுப்பாட்டினால் நான்கு ஆண்டுகளுக்குள் நின்றுபோயிற்று. உள்ளம் நிறைந்திருந்தும் நிலையான முதல் இல்லாவிடில் நிறுவனம் நில்லாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

அக்காலத்திலேயே மானிப்பாயில் மருத்துவம் கற்பித்துவந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறோர் உண்மையைக் கண்டார். 1848ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அவர், 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பிக்கலாயினார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடிப் பிறவிடங்களுக்குச் சென்றுவிட, தமிழிற் கற்றவர் தம்மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து. யாருக்காகப் பயிற்சி அளிக்கப்படுகின்றதோ அவர்களுடைய மொழியும் ஊரும் பயிற்சியிலேயே இடம்பெறவேண்டும் என்னும் இக்கருத்து, சமூகத் தொண்டுக்கு மருத்துவத்திலும் மிகுதியாகப் பொருந்தும்.

இந்தியாவில் இப்பொருள்பற்றி ஆழ்ந்து சிந்தித்துத் திட்டம் வகுத்தவர் கோபாலகிருஷ்ண கோகலே. 1905ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆந் திகதி பூனாவில் அவர் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். நாட்டுத்தொண்டையே வாழ்வாகக் கொள்ள விழைவோர் ஐந்தாண்டு பயிற்சி பெறவேண்டும் என்பது சங்கத்தின் விதி. தமக்கெனப் பொருளீட்டுவதில் முயற்சி செலுத்துவதில்லை என்றும், தமக்கும் தம் குடும்பத்துக்கும் சங்கம் அளிப்பதுகொண்டு அமைவதாகவும் அவர்கள் உறுதிமொழி கூறவேண்டும். தொண்டன் பட்டினி கிடப்பதே தியாகம் என்று கோகலே கருதவில்லை. அவன் மனைவி மக்களின் உணவுக் கவலையைச் சங்கம் ஏற்றாலன்றி அவன் மனம் தொண்டில் ஊன்றாது என்பதை அவர் அறிந்திருந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையில் தலைமையாசிரியராய் இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1907ஆம் ஆண்டில் அவ்வேலையை விட்டுச் சங்கத்திற் சேர்ந்தார். 1915ஆம் ஆண்டிற் கோகலே மறைந்தபின் அதன் தலைவருமானார். இந்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் நாட்டின் பெருந்தொண்டருள் ஒருவராவதற்குச் சங்கம் அளித்த அச்சிறு படியும் துணைநின்றது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மேனாடுகளிற் சமூகப் பணி தனியொரு கல்வித் துறையாய் முளைவிட்டிருந்தது. 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் தர்ம ஒழுங்கமைப்புச் சங்கம் ஆறு வாரக் கோடை வகுப்பொன்றை நடத்திற்று. 1899ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் சமூகப் பணிக் கலாசாலை ஒன்று தோன்றிற்று. ஆசியாவில் இத்துறைக்கு நிலைக்களனாய் அமைந்தவற்றுள் முதன்மையானது 1936ஆம் ஆண்டிற் பம்பாயில் நிறுவப்பெற்ற சேர் தொராப்ஜி தாத்தா சமூகப் பணிப் பட்டதாரிக் கலாசாலையாகும். 1932ஆம் ஆண்டில் மறைந்த தொராப்ஜி தாத்தா தம் செல்வத்தை ஓர் அறக்கட்டளைக்கு அளித்திருந்தார். அவ்வறக்கட்டளையே கலாசாலையைத் தாங்கியது. அதன் முதல் இயக்குநர் கிளிபர்ட் மான்சாட் என்னும் அமெரிக்கர். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர், காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரராகிய ஜே. எம். குமரப்பா என்னும் தமிழர். நாவலருக்கு வாய்க்காத நிலையான முதல் இக்கலாசாலைக்கு வாய்த்தது. எனினும் பட்டதாரிகளையே ஏற்ற நகரக் கலாசாலையாதலின், கிராமத்து ஏழைப் பெண்ணொருத்தி அதன் வாயிலை அணுகுதல் அரிதாயிருந்தது.

அவ்வாயிலைத் திறந்தது கஸ்தூரிபா நினைவு நிதி. 1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆந் திகதி கஸ்தூரிபாய் அம்மையார் சிறையிலிருந்தவாறே உயிர்நீத்தார். அவர் நினைவாக 75 இலட்சம் ரூபா திரட்டுவதென்று தொடங்கிய நிதி, மக்களின் ஆர்வத்தால் ஒரு கோடியையும் கடந்தது. மாளிகை எழுப்புவதற்கு அந்நிதி செலவிடப்படலாகாது, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே பயன்படவேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். அதன்படி கிராம சேவிகைகள் பயிற்றப்பட்டனர். தமிழ்நாட்டில் இப்பணியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சௌந்தரம். அவரும் அவர் கணவர் இராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டிற் சின்னாளபட்டிக்கு அணித்தே நிறுவிய காந்திகிராமம், கிராமத்தார் கிராமத்திலேயே தங்கித் தொண்டு பயிலும் இடமாய் வளர்ந்தது. 1952ஆம் ஆண்டிலே மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியாற் சென்னைச் சமூகப் பணிக் கலாசாலையும் எழுந்தது. கணவனை இழந்தும் கல்வியை இடைநிறுத்தியும் இருந்த பெண்கள், பிறர் உதவியை வேண்டிநின்ற நிலை நீங்கிப் பிறர்க்கு உதவும் நிலையை அடைந்தமையே இம்முயற்சிகளின் தனிச்சிறப்பு.

அதே காலப்பகுதியில் இலங்கையும் இவ்வழியில் அடியெடுத்துவைத்தது. 1945ஆம் ஆண்டிற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவை ஆணைக்குழுவின் அறிக்கை 1947ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டிற் சமூக சேவைத் திணைக்களம் உருவாயிற்று. 1952ஆம் ஆண்டிற் கொழும்பிலே சமூகப் பணிப் பயிற்சிக்கெனத் தனி நிறுவனம் தோன்றிற்று. அதன் வழிவந்ததே 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 2005ஆம் ஆண்டிற் சமூகப் பணி இளமாணிப் பட்டப்படிப்பும் அங்குத் தொடங்கப்பெற்றது. அதன் தலைமையிடம் கொழும்புக்கு வடக்கேயுள்ள சீதுவையில் அமைந்தது.

இங்குத்தான் தீவக மாணவரின் இடர் வெளிப்படுகின்றது. நெடுந்தீவிற் பிறந்த ஒரு பெண் சமூகப் பணி பயில விழைகின்றாள் என்று கொள்வோம். அவள் கடல் கடந்து குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் சென்று, பின்னர் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே போகவேண்டும். போனபின் அறை வாடகை, உணவு, போக்குவரவு எல்லாம் அவள் பொறுப்பாகும். இலவசக் கல்வி, கற்பிப்பதற்கு விலை கேளாத பெருங்கொடை. ஆயின் கற்பவன் உண்பதற்கு அது வழிசெய்வதன்று. இக்குறையை நிரப்பவே 1981ஆம் ஆண்டில் லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால் மகாபொல உபகாரச் சம்பள நிதியம் சட்டமாயிற்று. திறமையும் வறுமையும் ஒருங்குடைய மாணவர் பல்லாயிரவர் அதனாற் கரையேறினர். எனினும் அதன் அளவுகோல்களுள் பரீட்சைப் புள்ளியும் ஒன்று. துயருற்றார் முன்னிலையிற் பொறுமையோடு அமர்ந்து கேட்கும் ஆற்றலைப் பரீட்சைப் புள்ளி அளந்து காட்டாது.

சமூகப் பணிக் கல்விக்கு இன்னுமொரு சிறப்பியல்பு உண்டு. அது களப்பயிற்சி. மாணவர் மருத்துவமனையிலும் சிறுவர் இல்லத்திலும் சேரியிலும் கிராமத்திலும் சென்று, அநுபவமுள்ளார் மேற்பார்வையிற் பணிசெய்து பழகவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 400 மணித்தியாலமும் முதுமாணிப் பட்டத்துக்கு 900 மணித்தியாலமும் களப்பயிற்சி வேண்டப்படுகின்றது. அவுஸ்திரேலியாவில் அது 1,000 மணித்தியாலம். இம்மணித்தியாலங்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. வேறு துறை மாணவர் மாலையில் ஒரு கடையிலோ தனிவகுப்பிலோ உழைத்துத் தம் செலவை ஈடுசெய்துகொள்ளலாம். களப்பயிற்சியில் நாள் முழுதும் கழிப்பவர்க்கு அவ்வாய்ப்பும் அரிது. ஆகவே வறுமையை நூலிற் கற்கும் வசதியுடையோர் இத்துறையில் எளிதிற் புகுகின்றனர். வறுமையை வாழ்ந்தறிந்தோர் வாயிலிலேயே தடைப்படுகின்றனர். இதனால் இழப்பெய்துவோர் அம்மாணவர் மட்டுமல்லர். அவர்தம் பணியை எதிர்நோக்கும் மக்களுமாவர்.

அத்தகைய மக்கள் தீவகத்தில் உளரோ எனின், வரலாறே விடை கூறும். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணஞ் செய்தோருள் இருபதுக்கு மேற்பட்டோர் நடுக்கடலிற் கொலையுண்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்தார் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். பல்லாண்டுகள் கழித்து மீண்டோர் பாழ்பட்ட வீடுகளையும் பற்றைக்காடான வளவுகளையும் கண்டனர். மீளாதோர் உலகெங்கும் சிதறினர். குடும்பத் தலைவனை இழந்த பெண்களும், தனித்து வாழும் முதியோரும், பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகளும் இன்றும் அங்கு உளர். நிவாரணப் பொருளைப் பகிர்ந்தளிப்பதால் இத்துயர் தீராது. பயிற்சி பெற்றவர், அவ்வூர் வழக்கறிந்தவர், காற்றுக் காலத்திற் படகு ஓடாத நாளிலும் அங்கேயே இருப்பவர் வேண்டும்.

பயிற்சியும் நிறுவனமும் இன்றித் தனியொருவர் உள்ளத்தெழுச்சியால் இப்பணியை ஆற்ற முடியாதா என்று வினவலாம். அதற்குப் புங்குடுதீவே ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. எழுத்தாளரும் ஆசிரியருமாகிய மு. தளையசிங்கம் (1935-1973) சர்வோதய நெறியில் நின்று தம்மூரில் தொண்டாற்றியவர். 1971ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்டோர்க்குக் குடிநீர்க் கிணற்றில் உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் புரிந்து காவற்றுறையினரின் தாக்குதலுக்கு உள்ளானார். நாற்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அவர் நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவர் கிணற்றடியில் தொடங்கிய பணியோ பின்வருவோர் கையேற்று நடத்தவேண்டியது. ஒருவரின் தியாகம் வழிகாட்டும். அவ்வழியில் ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பிவைப்பது பயிற்சியும் அதனைத் தாங்கும் பொருளுமே.

பிறநாடுகள் இவ்வுண்மையை உணர்ந்து இயற்றிய ஏற்பாடுகள் நோக்கத்தக்கன. 1946ஆம் ஆண்டு திசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சமூகநலத் துறையினர் வெளிநாடு சென்று பயில்வதற்குப் பொருளுதவி வழங்குமாறு தீர்மானித்தது. ஐக்கிய அமெரிக்காவிலே 1980ஆம் ஆண்டின் சட்டமொன்றன் வழியாக, குழந்தைநலப் பணி பயிலும் மாணவர்க்கு உதவும் மாநிலங்களின் செலவிற் பெரும்பங்கைக் கூட்டரசு ஏற்கலாயிற்று. உதவி பெற்றவர் குறித்த காலம் அத்துறையிற் பணியாற்றவேண்டும் என்னும் நிபந்தனை பல மாநிலங்களில் உண்டு. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டிற் சமூகப் பணி மாணவர்க்கெனத் தனி உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. அவுஸ்திரேலிய அரசு 2025ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம், தகுதியுடைய ஆசிரிய, தாதிய, மருத்துவிச்சி, சமூகப் பணி மாணவர்க்குக் களப்பயிற்சிக் காலத்தில் வாரந்தோறும் 300 டொலருக்கு மேற்பட்ட தொகையை வழங்கத் தொடங்கியது. பயிற்சியும் உழைப்பே என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று.

பொருளுதவிக்கு எதிராகக் கூறப்படும் தடைகள் இரண்டு. தொண்டு பயில்வோர்க்குப் பணம் கொடுத்தாற் பணத்தை விரும்பியோரே வருவர் என்பது ஒன்று. அமெரிக்க மிசனின் அநுபவம் இவ்வையத்துக்கு ஓரளவு இடந்தருகின்றது. ஆயினும் கோகலேயின் சங்கம் அளித்தது வாழ்வதற்குப் போதிய அளவே. வளம்பெறுவதற்கு உரிய அளவன்று. அவ்வளவிற் கொடுப்பின் பொருளாசை கொண்டவர் தாமே விலகுவர். உதவிபெற்றுக் கற்றவர் ஊருக்குத் திரும்பார் என்பது மற்றொன்று. சட்டப் பத்திரத்தால் ஒருவரைச் சில ஆண்டுகள் கட்டிவைக்கலாம். அவர் உள்ளத்தைக் கட்டுவது அரிது. இதற்கு நாவலர் வழியும் கிறீன் வழியும் காந்திகிராம வழியும் ஒருங்கே விடையாகின்றன. உதவி பெறுபவர் அவ்வூரினராகவும், உதவியிற் பங்குகொள்பவர் அவ்வூராராகவும், களப்பயிற்சியின் ஒரு பகுதியேனும் அவ்வூரிலேயே அவர்தம் மொழியிலேயே நிகழ்வதாகவும் அமையுமாயின், திரும்பி வருக என்று அவரை எவரும் வற்புறுத்தவேண்டிய தேவை எழாது.

இவ்வேற்பாடு தீவக மக்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. புங்குடுதீவை வேலணையோடு இணைக்குங் கடல்வழிப் பாலம், அதற்காகப் பாடுபட்ட வாணர் பெயரால் இன்றும் வழங்குகின்றது. தெற்கே கடை வைத்துப் பொருளீட்டிய வணிகர், அப்பொருளால் ஊரில் கோயிலும் பாடசாலையும் வளர்த்தனர். இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் அவ்வூரார் சங்கங்கள் அமைத்து ஊருக்கு உதவிவருகின்றனர். திருப்பணிக்கும் மண்டபத்துக்கும் அவர்கள் மனமுவந்து அளிப்பதில் ஒரு சிறுபகுதியை நிலையான முதலாக வைத்து, அதன் வருவாயால் ஆண்டுதோறும் தீவகத்து மாணவர் இருவர் சமூகப் பணி பயிலுங்காலத்து அவர்தம் உணவுக்கும் உறையுளுக்கும் பொறுப்பேற்கலாம். ஊரிலுள்ளாரும் தத்தம் இல்லங்களிலிருந்து இயன்ற ஒரு சிறுதொகையை அதனோடு சேர்த்தல் வேண்டும். அஃது இல்லையேல் அம்முதல் தொலைவிலுள்ளார் தந்த கொடையாகவே நின்றுவிடும். பழைய மாணவர் சங்கங்களும் ஆசிரியர்களும், பரீட்சைப் புள்ளியோடு பிள்ளையின் இயல்பையும் அறிந்தவராதலின், தகுதியுடையாரைத் தெரிந்தெடுப்பதிற் பெரிதும் உதவலாம்.

நிலையான முதலும் ஊராரின் பிடியரிசியும் சேர்ந்தவிடத்தே தொண்டர் மரபு அறாது தொடரும். தொண்டு செய்வார்க்கு மாலை சூட்டும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. தொண்டு பயில்வார்க்குச் சோறிடும் வழக்கமும் அதனோடு சேர்ந்து வளர்வதாக.